ஒரே ஹெக்டேரில் முந்நூறு மர இனங்கள்: அரிதானவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: தாழ்நில மழைக்காட்டில் ஒரு ஹெக்டேருக்குள்ளேயே நூறு, இருநூறு, சில இடங்களில் முந்நூறு மர இனங்கள் இருக்கின்றனவாம். எல்லாவற்றுக்கும் தேவை அதே வெளிச்சம், அதே தண்ணீர், அதே மண்தான். அப்படியானால் வலுவான ஒன்றிரண்டு இனங்கள் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டுக் காட்டையே ஏன் பிடித்துக்கொள்ளவில்லை? அந்தக் காட்டை வெட்டிவிட்டால் அதே பன்மை திரும்ப வருமா?

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. மரங்களை எண்ணுபவர்கள் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி, சுற்றளவிலிருந்து விட்டத்தைக் கணக்கிடுவார்கள். பழைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரங்களை மட்டும் சேர்த்தன. 1980களிலிருந்து வந்த பெரிய ஆய்வுத் திடல்களில் 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எண் தகடு கட்டிப் பதிகிறார்கள். அளவுகோல் மாறினால் விடையும் மாறும். பனாமாவில் பாரோ கொலராடோ தீவில் ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மரங்களை மட்டும் எண்ணினால் சராசரியாகத் தொண்ணூறு இனங்கள் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் வரை இறங்கினால் அதே நிலத்தில் ஏறத்தாழ 170. ஆகவே "ஒரு ஹெக்டேரில் இத்தனை" என்று எங்காவது பார்த்தால், எந்தத் தடிமனுக்கு மேல் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் வாதங்களில் பாதி அங்கேதான் நடந்திருக்கின்றன. பனாமா கால்வாய்க்காக ஆற்றை அணைகட்டித் தடுத்தபோது தண்ணீர் ஏறி, ஒரு குன்றின் மேற்பகுதி மட்டும் தீவாக மிஞ்சியது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எல்லா மரங்களையும், குறுமரங்களையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். ஏறத்தாழ 2.4 லட்சம் தண்டுகள், 300 இனங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார்கள்: எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக முளைத்தது.

இத்தனைக்கும் பனாமா இந்தப் பட்டியலில் நடுத்தரம்தான். மலேசியாவின் பாசோ காட்டில் அதே 50 ஹெக்டேரில் 800க்கு மேல். ஈக்வடாரின் யாசுனியில் 25 ஹெக்டேரிலேயே ஏறத்தாழ 1,100. போர்னியோவில், சரவாக் மாநிலத்தின் லம்பிர் மலைத் திடலில் 52 ஹெக்டேரில் ஏறத்தாழ 1,175. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா மூன்றின் மிதவெப்பக் காடுகளையும் சேர்த்தால் பரப்பு 42 லட்சம் சதுர கிலோமீட்டர், மர இனங்கள் ஏறத்தாழ 1,166. லம்பிர் திடலோ அரை சதுர கிலோமீட்டர்தான். காலை உணவுக்குப் பிறகு கிளம்பினால் மதியத்துக்குள் சுற்றி வந்துவிடலாம்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை உண்மையான புதிர் இந்தப் பெரிய எண் இல்லை. அந்த எண்ணுக்குள் மரங்கள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதுதான். பெருவில் இக்கிட்டோஸ் நகருக்குப் பக்கத்தில் யானமோனோ என்ற இடத்தில் ஆல்வின் ஜென்ட்ரி எடுத்த ஒரு ஹெக்டேர் கணக்கு 1988இல் வெளிவந்தது. 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறத்தாழ 600 செடிகள், அவற்றில் ஏறத்தாழ 300 இனங்கள். அந்த இனங்களில் 63 சதவீதத்துக்கு அந்த ஹெக்டேரில் ஒரே ஒரு மரம்தான். இரண்டுக்கு மேல் மரங்கள் இருந்த இனங்கள் வெறும் 15 சதவீதம். ஒரு மரத்தடியில் நின்றுகொண்டு அதே இனத்தின் அடுத்த மரத்தைத் தேடினால், பெரும்பாலும் அந்த ஹெக்டேரை விட்டே வெளியே போக வேண்டியிருக்கும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதையே 1878இல் எழுதிவிட்டார்: ஒரு மரத்தைப் பார்த்து, அதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்காது என்று.

பொதுவான இனங்கள் இல்லாமலும் இல்லை. அமேசான் படுகை முழுவதிலும் 1,170 திடல்களின் தரவை ஒன்றுசேர்த்து 2013இல் ஒரு பெரிய ஆய்வுக் குழு கணக்கிட்டது: சுமார் 39,000 கோடி மரங்கள், சுமார் 16,000 இனங்கள், அவற்றில் வெறும் 227 இனங்களே மொத்த மரங்களில் பாதி. ரப்பர், கொக்கோ, அசாயி பனை எல்லாம் அந்த 227க்குள் வருகின்றன. மறு முனையில் பல்லாயிரம் இனங்கள் மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆக "ஏன் ஒரே இனம் ஜெயிக்கவில்லை" என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பி, "இவ்வளவு அரிதாக இருந்தும் இத்தனை இனங்கள் எப்படி அழியாமல் இருக்கின்றன" என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

இங்கே ஒரு சின்ன விலகல். மேலே சொன்ன 16,000 என்பது கணிப்பு. ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய தாவரங்களைச் சேமித்து வைக்கும் காப்பகங்களில், உள்ள மாதிரிகளை வைத்துப் பட்டியல் போட்டவர்கள் 2016இல் 11,676 என்றார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு குழு, வகைப்பாட்டியல் நிபுணர்கள் சரிபார்த்த தாழ்நில அமேசான் மரங்கள் 6,727தான் என்றது. இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? மரத்தை அடையாளம் காண்பதே அவ்வளவு கஷ்டம். பூவும் காயும் இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் நீங்கள் போகிற நாளில் முக்கால்வாசி மரங்களில் இரண்டும் இருக்காது. இலையோ முப்பது மீட்டர் உயரத்தில். அதனால் களத்தில் வேலை செய்பவர்கள் பட்டையில் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டுப் போடுவார்கள். சிவப்பாகக் கசிந்தால் ஜாதிக்காய்க் குடும்பமாக இருக்கலாம். வெள்ளைப் பால் வடிந்தால் அத்தி, இலுப்பை, ரப்பர் குடும்பங்களில் ஏதாவது ஒன்று. பிசின் வாசனை அடித்தால் குங்கிலியக் குடும்பம். இலைகள் எதிரெதிராக இருந்து, இரண்டு காம்புகளுக்கும் நடுவே இலையடிச் செதில் இருந்தால் காப்பிக் குடும்பம். குடும்பம் வரை இப்படி வந்துவிடலாம். அதற்குள் எந்த இனம் என்பது ஆண்டுக்கணக்கில் பழகியவர்களையே திணறடிக்கும். பாரோ கொலராடோவில் 296 இனங்களுக்கு மரபணுப் பட்டையெண் தயாரித்து 2009இல் வெளியிட்டார்கள். மரபணுவின் மூன்று துண்டுகளை வைத்தே 98 சதவீத இனங்களைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஆனால் அது முன்பே நன்றாகத் தெரிந்த காடு. தெரியாத காட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் வேண்டுமே!

சரி, கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இத்தனை இனங்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒன்று. வந்தவை ஒன்றாக இருக்க முடிவது எப்படி என்பது மற்றது. முதலாவது கோடி ஆண்டுகளின் கணக்கு, இரண்டாவது ஒரு விதை முளைத்துக் கன்றாகிற சில மாதங்களில்கூடத் தீர்மானமாகிவிடுகிற விஷயம். இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பல விளக்கங்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரிகின்றன.

ஒன்றாக இருப்பதற்கு எல்லோரும் முதலில் சொல்கிற விளக்கம், ஆளுக்கொரு இடம் என்பது. "அதே மண், அதே வெளிச்சம்" என்று கேள்வியில் இருக்கிறதே, அது முழுக்கச் சரியில்லை. மேலே இருந்து பார்த்தால் ஒரே பச்சையாகத் தெரியும் காட்டின் அடியில் மண் சில நூறு மீட்டருக்குள் மாறும். லம்பிர் திடலுக்குள்ளேயே மணற்பாங்கான மேடும் களிமண் சரிவும் இருக்கின்றன, பெரும்பாலான மர இனங்கள் இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்கின்றன. வெளிச்சமும் அப்படித்தான். பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் கீழே திடீரென வெயில் விழும். அதற்காகவே காத்திருக்கும் செக்ரோப்பியா, பால்சா போன்றவை சில ஆண்டுகளில் பல மீட்டர் வளர்ந்து, சீக்கிரமே செத்தும் போகும். மறுபக்கம், நிழலில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காமல் பொறுமையாக நிற்கும் இனங்கள். வேகமாக வளர்கிறவை சீக்கிரம் சாகும், மெதுவாக வளர்கிறவை நீண்ட நாள் நிற்கும். இரண்டிலும் ஒரே இனம் முதலிடம் பிடிக்க முடியாது.

மண் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பெருவின் அமேசான் பகுதியில் சத்தே இல்லாத வெள்ளை மணல் திட்டுகளும், அவற்றை ஒட்டியே வளமான களிமண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் வளரும் மரங்கள் நெருங்கிய உறவுகள்தான், ஆனால் இனங்கள் வேறு. களிமண் மரத்துக்கு மணலில் சத்துப் போதாது, அதனால் வளரவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பால் ஃபைன் என்பவரும் அவருடைய குழுவும் 20 இனங்களின் நாற்றுகளை எடுத்து இரண்டு மண்ணிலும் மாற்றி மாற்றி நட்டு, பாதியை மட்டும் பூச்சி நுழையாதபடி வலையால் மூடினார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. வலைக்குள் இருந்தபோது களிமண் இனங்கள் வெள்ளை மணலில்கூட மணல் இனங்களைவிட வேகமாக வளர்ந்தன! வலை இல்லாத இடத்தில்தான் தோற்றன. சத்துக் குறைந்த மண்ணில் ஒரு இலையை இழந்தால் அதைத் திரும்ப உண்டாக்குவது பெரும் செலவு. அதனால் மணல் இனங்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு இலையின் பாதுகாப்பில் முதலீடு செய்திருந்தன. எந்த மரம் எங்கே என்ற எல்லையை மண் மட்டும் போடவில்லை, மண்ணும் பூச்சியும் சேர்ந்து போட்டிருக்கின்றன.

ஆனாலும் மண்ணும் வெளிச்சமும் எவ்வளவு தூரம் போகும்? ஒரு ஹெக்டேரில் முந்நூறு விதமான மண் கிடையாது. ஒரே களிமண்ணில், ஒரே நிழலில், ஒரே உயரம் வளர்கிற நாற்பது ஐம்பது இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே, அவற்றுக்கு என்ன சொல்வது? விழுந்த மரங்கள் உண்டாக்கும் திறப்புகள்தான் பன்மையைக் காக்கின்றன என்று பல காலம் நம்பினார்கள். பாரோ கொலராடோவில் பதின்மூன்று ஆண்டுத் தரவை வைத்து ஹப்பெலும் மற்றவர்களும் 1999இல் பார்த்தபோது, திறப்புகளில் கன்றுகள் அதிகம், அதனால் இனங்களும் அதிகம். கன்றுகளின் எண்ணிக்கையைச் சமப்படுத்திப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. திறப்பில் முளைக்கத் தகுந்த இனங்கள் பலவற்றின் விதை அங்கே வந்தே சேரவில்லை. யார் வல்லவர் என்பதைவிட, அந்த நேரத்தில் யாருடைய விதை அங்கே கிடந்தது என்பதே பல இடங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

இப்போது எதிரிகளுக்கு வருவோம். 1970இல் டேனியல் ஜான்சென், 1971இல் ஜோசஃப் கானல் இருவரும் தனித்தனியாக ஒரே யோசனையைச் சொன்னார்கள். தாய்மரத்தின் அடியில்தான் விதை அதிகம் விழும். அந்த இனத்தையே தின்று பழகிய பூச்சிகளும், அதையே தாக்கும் பூஞ்சைகளும் கூடியிருப்பதும் அங்கேதான். அதனால் தாய்க்குப் பக்கத்தில் முளைத்தவை அதிகம் சாகும், தள்ளி விழுந்தவை தப்பும். தாயின் அடியில் காலியாகும் இடம் வேறு இனத்துக்குப் போகும். எந்த இனம் பெருகுகிறதோ அதன் எதிரிகளும் பெருகி, அதைத் தட்டி வைப்பார்கள்.

இது அழகான கதை என்பதோடு நிற்காமல், களத்திலும் ஓரளவு நின்று காட்டியது. கரோல் ஆக்ஸ்பர்கர் 1980களின் தொடக்கத்தில் பாரோ கொலராடோவில் பிளாட்டிபோடியம் என்ற மரத்தைப் பின்தொடர்ந்தார். அதன் காய்க்கு ஒரு சிறகு உண்டு, காற்றில் சுழன்று பறக்கும். தாய்க்கு அருகே நூற்றுக்கணக்கில் முளைத்த நாற்றுகளின் தண்டு தரையை ஒட்டி அழுகிச் சாய்ந்தது. விவசாயம் செய்பவர்களுக்குத் தெரிந்த அதே நாற்றழுகல்தான், நிழலும் ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் வருவது. தள்ளி விழுந்தவையும் வெளிச்சத்தில் முளைத்தவையும் அதிகம் பிழைத்தன.

ஒரு மரத்தில் உண்மை என்பதால் காடு முழுக்க உண்மையாகிவிடாது. அதற்கு 200 விதைப் பொறிகள் வேண்டியிருந்தன. மேலே விரித்து வைத்த வலையில் என்னென்ன விதை எத்தனை விழுகிறது, பக்கத்தில் தரையில் எத்தனை முளைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார்கள். 2000இல் வெளிவந்த முடிவில், பார்த்த 53 இனங்களிலும் ஒரே போக்கு: ஒரே இனத்தின் விதை அடர்த்தியாக விழுந்த இடத்தில் முளைத்து நிற்கும் விகிதம் குறைவு. ஒன்றுகூட விதிவிலக்கில்லை. அப்புறம் பெலீஸ் நாட்டில் சிக்கிபுல் காட்டில் நேரடியாகவே சோதித்தார்கள். சில துண்டு நிலங்களில் பூஞ்சைக்கொல்லி, சிலவற்றில் பூச்சிக்கொல்லி, சிலவற்றில் வெறும் தண்ணீர். பூஞ்சைக்கொல்லி தெளித்த இடத்தில் நாற்றுகளின் இனப் பன்மை குறைந்தது. பூச்சிக்கொல்லி தெளித்த இடத்தில் எந்தெந்த இனங்கள் மேலோங்கின என்பதே மாறியது. 2014இல் வந்த அந்த ஆய்வுதான் இந்த யோசனைக்குக் கிடைத்த வலுவான ஆதாரம் என்பேன். மழைக்காட்டைக் காப்பாற்றுவதில் அதன் நோய்க்கிருமிகளுக்கு இவ்வளவு பங்கு என்பது முதலில் கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஆனால் இங்கேயே ஒரு முடிச்சு விழுகிறது, பல எளிய விளக்கங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. எதிரிகள் பெருத்தவனை அடக்கி அரிதானவனைத் தூக்கிவிடுகிறார்கள் என்றால், காலப்போக்கில் எல்லா இனங்களும் கிட்டத்தட்டச் சம அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லையே. லிசா கமீட்டாவும் குழுவினரும் பாரோ கொலராடோவில் 180 இனங்களைச் சேர்ந்த 30,000க்கு மேற்பட்ட நாற்றுகளைக் கண்காணித்து 2010இல் எழுதியது: தன் இனத்தின் அண்டை மரங்களால் அதிகம் பாதிக்கப்படுவது அரிதான இனங்கள்தான். பொதுவான இனங்கள் அந்த நெருக்கத்தை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அதாவது எதிரிகளின் பிடி யார்மீது இறுக்கமோ அவர் குறைந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறார். அரிதாக இருப்பது அந்த இனம் அழிவை நோக்கிப் போகிறது என்பதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அது நிலையாக இருக்கக்கூடிய அளவே அவ்வளவுதான் என்றும் இருக்கலாம்.

அண்டை மரங்கள் எவ்வளவு வித்தியாசமானவை என்பதும் இதில் சேர்கிறது. இங்கா என்று ஒரு பேரினம், பயறுக் குடும்பம், ஏறத்தாழ 300 இனங்கள், அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும். ஒரே காட்டில் நாற்பது இங்கா இனங்கள்வரை ஒன்றாக வளர்கின்றன. இலையைப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஃபில்லிஸ் கோலி, தாமஸ் குர்ஸார் இருவரும் இந்த மரங்களின் இளம் இலைகளில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வாழும் இங்கா இனங்களின் தற்காப்பு வேதியியல், தற்செயலாக எடுத்தால் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வேறுபட்டது. நெருங்கிய உறவினர்களில்கூட யார் ரசாயனம் வேறோ அவர்கள்தான் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க முடிகிறது: ஒருவருடைய பூச்சி இன்னொருவருக்குத் தாவாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அந்தத் தீவின் திடலைத் தொடங்கிய ஹப்பெலே 2001இல் முற்றிலும் வேறு பாதையில் போனார். இனங்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களை எல்லாம் மறந்துவிடுங்கள், எல்லா மரத்துக்கும் பிறக்கவும் சாகவும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரம் செத்தால் அந்த இடத்தை அடுத்தது பிடிப்பது குலுக்கல். எப்போதாவது வெளியிலிருந்து ஒரு விதை வரும், எப்போதாவது ஒரு புது இனம் தோன்றும். இவ்வளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலே சில பொதுவான இனங்கள், ஏராளமான அரிய இனங்கள் என்ற அந்தப் பங்கீடு வந்துவிடுகிறது! நடுநிலைக் கோட்பாடு என்று பெயர். இது பலரை எரிச்சல்படுத்தியது, ஏனென்றால் இனங்கள் ஒன்றுபோல இல்லை என்பது காட்டுக்குள் ஒரு நாள் நின்றாலே தெரியும். என் பார்வையில் அது காட்டைப் பற்றிய உண்மை அல்ல, ஆனால் மிகவும் உபயோகமான எச்சரிக்கை: பங்கீட்டு வரைபடம் பொருந்துகிறது என்பதால் மட்டும் எந்தக் கோட்பாடும் நிரூபணமாகிவிடாது. குலுக்கல் எங்கே தோற்கிறது என்றால், காலத்தில். அது மட்டுமே வேலை செய்தால் இனங்களின் எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறி இறங்க வேண்டும். பாரோ கொலராடோவில் 1982–83 எல் நினோ வறட்சி வந்தபோது ஈரம் விரும்பும் இனங்கள் கொத்தாகச் சரிந்தன. சில பத்தாண்டுகளுக்குள் பல இனங்களின் எண்ணிக்கை குலுக்கலால் விளக்க முடியாத அளவுக்கு மாறிவிட்டது.

இவ்வளவு அரிதாக இருந்தால் இனப்பெருக்கம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அடுத்த மரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மகரந்தம் எப்படிப் போகும்? போகிறது. பனாமாவில் அத்தி மரங்களின் விதைகளை மரபணு வழியாகச் சோதித்தபோது, மில்லிமீட்டர் அளவுள்ள அத்திக் குளவிகள் வழக்கமாக 6 முதல் 14 கிலோமீட்டர் தூரம்வரை மகரந்தம் கொண்டுபோவது தெரிந்தது. காட்டுக்கு மேலே ஏறி, காற்றில் மிதந்து, வாசனையைப் பிடித்து இறங்கும். எல்லா மரத்துக்கும் இப்படி ஒரு தூதர் இல்லை. ஆனாலும் ஒரு ஹெக்டேரில் ஒன்று என்பது நமக்குத்தான் தனிமை; படுகை முழுவதும் பரவியிருந்தால் அந்த இனத்துக்கு அது பல லட்சம் மரங்கள்.

முதல் கேள்வி, அதாவது இத்தனை இனங்கள் எங்கிருந்து வந்தன என்பது, சரித்திரத்தைப் பொறுத்தது. கொலம்பியாவில் கிடைத்த புதைபடிவ மகரந்தங்களையும் இலைகளையும் ஆராய்ந்து 2021இல் ஒரு குழு எழுதியது: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது அங்கிருந்த தாவரப் பன்மை 45 சதவீதம் சரிந்தது, மீள 60 லட்சம் ஆண்டுகள் பிடித்தன. மீண்டது பழைய காடு அல்ல. முன்பு ஊசியிலை மரங்களும் பெரணிகளும் கலந்த, இடைவெளி விட்ட காடு. பின்னால் வந்தது பூக்கும் மரங்கள் நெருங்கி மேலே கூரை போட்ட காடு, பயறுக் குடும்பம் பெரிதாக நுழைந்த காடு. இன்று நாம் அமேசான் மழைக்காடு என்று சொல்வதன் அமைப்பு அந்தப் பேரழிவுக்குப் பிறகு வந்ததுதான். இதற்கு நேர்மாறாக, மேலே சொன்ன இங்கா மிகவும் புதுசு. அதன் இனங்களில் பெரும்பாலானவை கடந்த ஒரு கோடி ஆண்டுகளுக்குள், பல இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் பிரிந்தவை. ஆகவே மழைக்காடு என்பது பழைய இனங்கள் சாகாமல் சேர்ந்த அருங்காட்சியகமா, புது இனங்கள் தயாராகும் பட்டறையா என்று கேட்டால், இரண்டும்தான்.

கண்டத்துக்குக் கண்டம் வித்தியாசம் வருவதும் இந்தச் சரித்திரத்தால்தான். ஆப்பிரிக்க மழைக்காடுகளில் மர இனங்கள் குறைவு. கேமரூனின் கோருப் திடலில் 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 500. அந்தக் கண்டம் திரும்பத் திரும்ப வறண்டபோது மழைக்காடு சுருங்கிச் சுருங்கிப் பிழைத்தது, அப்போது போனவை திரும்பவில்லை.

இன்னொன்று. எல்லா மழைக்காட்டிலும் ஒன்றே வெல்லாது என்றும் நினைக்க வேண்டாம். காங்கோவின் இத்தூரிக் காட்டில் கில்பர்ட்டியோடென்ட்ரான் என்ற மரம் பல இடங்களில் கூரையில் முக்கால் பங்குக்கு மேல் பிடித்திருக்கிறது. அதே மழை, அதே வெப்பம். சில நூறு மீட்டர் தள்ளி கலப்புக் காடு. இதன் விதை பெரியது, நாற்று ஆழ்ந்த நிழலிலும் நிற்கும், உதிர்ந்த இலைகள் தடிமனாகக் குவிந்து மற்றவற்றின் சிறு விதைகளை முளைக்கவிடாது, வேரில் ஒட்டி வாழும் பூஞ்சை சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அந்தக் கூட்டாளிப் பூஞ்சை தாய்மரத்தின் அடியில் இருப்பதால், மற்ற இனங்களுக்குச் சாபமாக இருக்கும் அந்த இடம் இதன் கன்றுக்கு நல்ல இடமாகிவிடுகிறது. நீங்கள் கேட்ட அந்த "பலமான ஒன்று" இருக்கத்தான் செய்கிறது, அது எதிரிகளின் தண்டனையிலிருந்து தப்பித்த இடத்தில்.

கடைசியாக, வெட்டினால் திரும்ப வருமா? இதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் கைவிடப்பட்ட வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தானாக வளர்ந்த நூற்றுக்கணக்கான இளம் காட்டுத் துண்டுகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. இருபது ஆண்டுகளில் இன எண்ணிக்கை பழைய காட்டின் 80 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் சமமாகிவிடுகிறது. இதைக் கேட்டதும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே ஆய்வில், எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் என்று பார்த்தால் இருபது ஆண்டில் 34 சதவீதம்தான் ஒத்துப்போகிறது, முழுக்க ஒத்துவர நூற்றாண்டுகள் ஆகும். எண் திரும்பிவிடும், பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. முதலில் வருபவை எல்லா இடத்திலும் கிடைக்கும், விதை தூரம் போகும், வெயில் தாங்கும் இனங்கள். கடைசியில் வர வேண்டியவை யானமோனோ பட்டியலில் ஒற்றை மரமாக நின்றவை: விதை பெரியது, நிழல் வேண்டும், தூக்கிப்போக ஒரு பெரிய பறவையோ குரங்கோ வேண்டும். அந்த ஆய்வின் நிலங்களிலும் பெரும்பாலும் பக்கத்தில் பழைய காடு மிச்சமிருந்தது, அங்கிருந்து விதை வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். லம்பிரில் ஒரு மரத்தையும் வெட்டவில்லை, ஆனால் வேட்டையால் பெரிய இருவாச்சிகளும் கிப்பன்களும் போய்விட்டன. அதற்குப் பிறகு அந்தத் திடலை மறுபடி அளந்தபோது, விலங்குகளை நம்பிய மரங்களின் கன்றுகள் தாய்மரத்தைச் சுற்றியே கொத்தாக முளைக்கத் தொடங்கியிருந்தன, பூஞ்சையும் பூச்சியும் காத்திருக்கும் அதே இடத்தில்.